தெருமுனையில் எச்ஐவி பற்றிப் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்ஐவி விழிப்புணர்வுக்காகத் தமிழ்நாட்டுத் தெருக்களில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்காக எழுதியது இது. பாதிக் கேள்விகள் அவர்கள் எங்களிடம் கேட்பவை. மீதி, பறை ஓய்ந்து கூட்டம் கலைந்தபின் பையன்களும் பெண்களும் ஓரமாக வந்து கேட்பவை. அந்த இரண்டாவது வகைக்காகத்தான் முழு நிகழ்ச்சியும் நடக்கிறது. ஆட்டமும் பாட்டும் ஒரு பையனாவது பக்கத்தில் வந்து வாய் திறப்பதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான்.

எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, தெருவில் நின்று ஏன் கத்த வேண்டும்?

கிடைக்கிறது. கூடவே "ஒரே மாதத்தில் எய்ட்ஸ் குணம்" என்கிற வீடியோவும் கிடைக்கிறது. இரண்டில் எது சரி என்று போன் சொல்லாது. இன்னொன்று, போனில் தேடுகிறவன் ஏற்கெனவே பயந்துபோனவன். தப்பு நடந்த பிறகு ராத்திரி 2 மணிக்குத் தேடுகிறான். நமக்கு வேண்டியது இன்னும் தேடவே தோன்றாத பையன். அவன் டீக்கடையில் நிற்கிறான், டர்ஃபில் கிரிக்கெட் ஆடுகிறான், ஜிம் வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான்.

எச்ஐவி இப்போது ரொம்பக் குறைந்துவிட்டதாமே?

குறைந்திருக்கிறது, உண்மை. ஆனாலும் இந்தியாவில் இன்று சுமார் 25 லட்சம் பேர் எச்ஐவியுடன் வாழ்கிறார்கள். பெரியவர்களில் ஏறக்குறைய 0.2 சதவீதம்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. நாட்டிலேயே முதல்முதலாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த மருத்துவர் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். வேலூர் சிஎம்சியில் வைத்துச் சோதித்தபோது 6 பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவுக்கெல்லாம் இது வராது என்று பலர் அடித்துப் பேசிய காலம் அது. 1994-இல் மாநிலத்துக்கென்று தனி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் அதைப் பார்த்துத்தான் தங்கள் சங்கங்களை அமைத்தன.

1990-களில் எச்ஐவி நோயாளிகள் கிடந்த தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை வார்டுகளைப் பார்த்தவர்களுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. இன்று 20 வயதில் இருக்கிற பிள்ளைக்கு எச்ஐவியால் செத்தவர் ஒருவரைக்கூடத் தெரியாது. மாத்திரை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. அதனாலேயே இது அப்பா காலத்து வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த இடம், எந்த நேரம் நல்லது?

சம்பளம் வாங்கிய மறுநாள் மாலை. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் என்றால் ஞாயிறு சாயங்காலம் கடைவீதி நிரம்பிவிடும். பாதிப் பேர் வடமாநிலத்துப் பையன்கள், அதனால் இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாமல் அங்கே போகாதீர்கள். நாமக்கல் பக்கம் என்றால் லாரிப் பட்டறைகள்: கிளீனர் பையன்கள் மதியம் சும்மா இருப்பார்கள், ராத்திரி வண்டி கிளம்பிவிடும். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு முன்னதாக விழுப்புரத்தில் திருநங்கைகள் கூடும்போது பல அமைப்புகள் அங்கே இருக்கும். புதிதாகக் கடை விரிப்பதைவிட அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

பேருந்து நிலையம் பார்க்க வசதியாக இருக்கும், பலன் குறைவு. பஸ் வந்ததும் பாதிக் கூட்டம் ஏறிப் போய்விடும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டும். மைக் செட் வைத்தால் காவல் நிலையத்தில் கண்டிப்பாக. கிராமம் என்றால் ஊராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை. கடிதத்தின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். அனுமதி கொடுத்த எஸ்ஐ ஒருவராகவும் ரோந்தில் வருகிறவர் வேறொருவராகவும் இருப்பார்.

கொஞ்சம் பயமுறுத்தினால்தானே கேட்பார்கள்?

மண்டை ஓடு, எலும்பும் தோலுமான உடம்பு, "எய்ட்ஸ் = மரணம்" என்றெல்லாம் ஒரு தலைமுறை முழுக்கச் சுவரில் எழுதிப் பார்த்தாகிவிட்டது. பயந்தவர்கள் என்ன செய்தார்கள்? தொற்று இருந்தவரை வீட்டைவிட்டு அனுப்பினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். தங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகவில்லை.

2000-களின் தொடக்கத்தில் ஊரெங்கும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரம் வந்தது. வயதானவர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அது ஒரு காரியம் செய்தது: அதுவரை வாயில் வராத விஷயத்தை டீக்கடைப் பேச்சாக்கியது. ஆனால் கூடவே ராஜா என்று பேர் வைத்த பிள்ளைகளுக்கெல்லாம் அது கிண்டல் பெயரானது. வியாதி வந்தால் அது "அந்த மாதிரி ஆளுக்கு" என்பதும் மனதில் தங்கிவிட்டது. என் கணக்கில் லாபமும் நஷ்டமும் ஏறக்குறைய சமம்.

பயம் காட்டும் காட்சி உங்கள் நாடகத்தில் இருந்தால் வெட்டிவிடுங்கள். சாகிற காட்சியில் கைதட்டு வரும். ஆனால் முடிந்தபின் ஒருத்தன் வந்து கேட்க மாட்டான்.

நாடகம் எவ்வளவு நேரம்?

20 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பறை அடித்தால் கூட்டம் சேர்ந்துவிடும், சேர்த்த பிறகு இழுப்பதுதான் தப்பு. நோட்டீஸ் கட்டுக்கட்டாகக் கொடுக்காதீர்கள். அடுத்த சந்தில் கிடக்கும். போன் கவருக்குள் செருகுகிற அளவில் ஒரு அட்டை போதும். ஒரு பக்கம் 1097 என்கிற இலவச உதவி எண், மறுபக்கம் அந்த ஊர் நம்பிக்கை மையம் (எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மையம்) இருக்கும் இடம். "அரசு மருத்துவமனை" என்று மட்டும் போட்டால் அவன் போக மாட்டான். "ஓபி சீட்டுக் கவுன்டரைத் தாண்டி, இடது பக்கம் இரண்டாவது கதவு" என்று போடுங்கள். ஜிஹெச்சில் யாரிடமும் வழி கேட்காமல் போய்ச் சேர முடிய வேண்டும்.

ஆணுறை போடுவதை நடுத்தெருவில் செய்து காட்டலாமா?

நடுத்தெருவில் வேண்டாம். ஓரத்தில் ஒரு மேசை, சுற்றி மறைப்புத் துணி, போட்டுக் காட்ட மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரி. பெண்களுக்குத் தனி மேசை, அதில் பெண் தன்னார்வலர். வாழைப்பழத்தில் காட்டாதீர்கள், சிரிப்புதான் மிஞ்சும்.

நீங்கள் செய்து காட்டுவதைவிட அவன் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறான் என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடங்களில்: உறையைப் பல்லால் கிழிப்பான். கையால், ஓரத்திலிருந்து கிழிக்க வேண்டும். எந்தப் பக்கம் உருளும் என்று பார்க்காமல் வைப்பான், உருளாது, அப்படியே திருப்பிப் போடுவான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுக்கச் சொல்லுங்கள். நுனியைக் கிள்ளிப் பிடிக்காமல் விட்டால் காற்று தங்கும், கிழியும். முடிந்ததும் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

பிறகு இரண்டு விஷயம் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்று, தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்துவிடும். தண்ணீர் கலந்த வழவழப்பு ஜெல்தான் போட வேண்டும். இரண்டு, பர்சிலும் பைக் சீட்டுக்கு அடியிலும் மாதக்கணக்கில் வைத்திருப்பதை நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் அந்த டப்பாவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று வண்டி ஓட்டுகிறவனுக்கே தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் பாதுகாப்பு கூடாது, உரசிக் கிழியத்தான் செய்யும்.

"அண்ணா, ஒரே ஒரு தடவைதான். வந்திருக்குமா?"

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்பீர்கள். "என் ஃபிரெண்டு ஒருத்தன் இருக்கான்" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த ஃபிரெண்டைப் பற்றியே பேசுங்கள். "நீதானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. தொற்றுள்ள, சிகிச்சையில் இல்லாத ஒருவரோடு ஆணுறையின்றி ஒருமுறை உறவு கொண்டால், பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 8 அளவு. ஆசனவாய் வழி உறவில் வாங்கிக்கொள்பவருக்கு 10,000-க்கு 138 அளவு. ஊசியைப் பகிர்ந்தால் 63. இவை சராசரி. உறுப்பில் புண்ணோ, வெட்டை, கிரந்தி மாதிரி வேறு பால்வினை நோயோ இருந்தால் வாய்ப்பு பல மடங்கு ஏறும். அந்த ஒருவர் அண்மையில்தான் தொற்றுக்கு ஆளானவர் என்றால் இன்னும் ஏறும்.

இந்த எண்களை மைக்கில் சொல்லாதீர்கள். "8 தானா, அப்ப பரவால்ல" என்றுதான் காதில் விழும். தனியாக வந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறவனிடம் சொல்லலாம். அவன் முகத்தில் ரத்தம் திரும்பும். அதோடு நிறுத்தாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "அது நடந்து எத்தனை நாள் ஆச்சு?"

ஏன் நாள் கணக்கு கேட்க வேண்டும்?

72 மணி நேரத்துக்குள் என்றால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பெப் என்கிற தடுப்பு மருந்து. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளருக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கும் அரசு மருத்துவமனையில் இதற்குத் தெளிவான நடைமுறை உண்டு. மற்றவர்கள் எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்திலோ தனியார் மருத்துவரிடமோ கேட்க வேண்டியிருக்கும். அலைச்சல் ஆகலாம் என்பதால் அன்று ராத்திரியே யாராவது கூடப் போங்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

72 மணி தாண்டிவிட்டால் பரிசோதனைதான். ஆனால் மறுநாளே எடுத்து "நெகட்டிவ்" என்று நிம்மதியாகிவிடக் கூடாது. தொற்றியவுடன் சோதனையில் தெரியாது, அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். இப்போது ஒன்று, 3 மாதம் முடிந்து இன்னொன்று. இடைப்பட்ட நாளில் ஆணுறை, ரத்ததானம் கிடையாது. எனக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்களே என்று ரத்ததான முகாமில் போய்ப் படுக்கிற பையன்கள் உண்டு. இதை அழுத்திச் சொல்லுங்கள்.

கொசு கடித்தால்? முத்தம்? சலூன்? டாட்டூ?

கொசு: வராது. முத்தம், ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிப்பறை: வராது. சலூன் பிளேடு: வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனாலும் புது பிளேடு போடச் சொல்வதில் என்ன கஷ்டம். டாட்டூ: கடையில் புது ஊசி என்றால் பிரச்சினை இல்லை, திருவிழாவில் வரிசையாக நிற்கிறவர்களுக்கெல்லாம் ஒரே ஊசியில் பச்சை குத்தினால் குத்திக்கொள்ளாதீர்கள்.

"மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்குவோம். செக்ஸ் எல்லாம் இல்ல. எங்களுக்கு என்ன?"

சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் இப்போது இந்தக் கேள்வி வருகிறது, வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும். டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். நாலு பேருக்கு ஒரு சிரிஞ்சு. சிரிஞ்சுக்குள் தங்கும் ரத்தத்தில் எச்ஐவி வாரக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீரில் அலசினால் போகாது. கரைக்கிற மூடி, வடிகட்டுகிற பஞ்சு இவற்றைப் பகிர்ந்தாலும் ஆபத்துதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி இதைவிட வேகமாகப் பரவும்.

"விட்டுடு" என்று சொல்வது சுலபம், அவனால் இன்றைக்கு விட முடியாது. இன்றைக்கு முடிவது: ஆளுக்கொரு புது ஊசி. அதற்கடுத்து, ஊசி போடுவோருக்கென்றே அரசு திட்டத்தில் இயங்கும் மையங்கள் உண்டு. புது ஊசி கொடுப்பார்கள், புப்ரெனார்பின் என்கிற மாற்று மருந்தும் கொடுப்பார்கள். போலீஸ் நடமாட்டம் உள்ள இடத்தில் இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம்பிக்கை மையத்துக்குப் போனால் என்ன செய்வார்கள்? வீட்டுக்குத் தெரியுமா?

முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார். ஒப்புதல் கேட்பார். பிறகு கொஞ்சம் ரத்தம். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு. முதல் கிட்டில் சந்தேகம் வந்தால் வேறு இரண்டு கிட்களில் பார்த்த பிறகுதான் பாசிட்டிவ் என்று சொல்வார்கள். காசு கிடையாது, ஆதார் கட்டாயமில்லை.

வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். 2017-இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி சட்டப்படி, ஒப்புதல் இல்லாமல் சோதிப்பதும் ஒருவரின் நிலையை வெளியே சொல்வதும் தப்பு. வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் அதைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது. தொற்றுள்ளவர்கள் மீது வெறுப்பைத் தூண்டினால் 3 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் மட்டும் பரிசோதனைக்குப் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டம் இருக்கிறது என்பதால் எல்லா இடத்திலும் ரகசியம் காக்கப்படுகிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மையத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். உள்ளூரில் போகத் தயங்குகிறவன் பக்கத்து ஊர் மையத்துக்குப் போகலாம், எங்கேயும் இலவசம்தான். எரிச்சல், புண், சீழ் என்று ஏதாவது இருந்தால் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்துக்கு அனுப்புங்கள்.

"பாசிட்டிவ்னு வந்தா வாழ்க்கை முடிஞ்சுதா அக்கா?"

இல்லை. 2004 ஏப்ரல் 1-இல் இந்தியாவில் எச்ஐவிக்கான இலவசக் கூட்டு மருந்து (ஏஆர்டி) தொடங்கியது. தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. அன்று ஒரு நாளைக்குப் பல மாத்திரை, பக்க விளைவுகளும் அதிகம். இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரை. யாருக்குத் தொற்று இருந்தாலும் உடனே மருந்து தொடங்க வேண்டும் என்பது 2017 முதல் கொள்கை. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் போகாது. "குறைவாகப் போகும்" என்று சிலர் இழுக்கிறார்கள். போகாது என்றே சொல்லுங்கள், ஆராய்ச்சி அதைத்தான் சொல்கிறது. கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு 15 முதல் 45 சதவீதம் வரை போகக்கூடியது, முறையான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது.

"முன்னாடியே போட்டுக்கிற மாத்திரை இருக்காமே?"

பிரெப். தொற்று இல்லாதவர், வர வாய்ப்பு உள்ளவர், தினமும் சாப்பிடுவது. மருத்துவர் சீட்டுடன்தான் வாங்க வேண்டும், தொடங்குமுன் எச்ஐவி சோதனை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது.

ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் பையன் வந்து பேசினால்?

மற்றவர்களிடம் பேசுவது போலவே. அறிவுரை, "ஏன் இப்படி?" எல்லாம் வேண்டாம். 2018 செப்டம்பர் 6 முதல் வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு இந்தியாவில் குற்றமில்லை. இது பல பையன்களுக்கு இன்னும் தெரியாது, மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்கு மட்டும் அவர்களின் பயம் தெரியும். ஆப் வழியாகச் சந்தித்தவர் வீடியோ வைத்து மிரட்டினால் காசு கொடுக்காமல் சைபர் குற்ற எண் 1930-க்குப் பேசச் சொல்லுங்கள். ஆணுறையோடு ஜெல் மறக்கக் கூடாது என்பதை இவனுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

பெண்கள் வரவே மாட்டேன் என்கிறார்களே?

தெருமுனைக்கு அதிகம் பேர் வர மாட்டார்கள், சரிதான். ஹாஸ்டலுக்கும் தையல் வகுப்புக்கும் நீங்கள் போங்கள். அங்கேயும் முதலில் மாதவிடாய், வெள்ளைப்படுதல் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் மற்றது வரும். "ஆணுறை போடச் சொன்னா என்னைச் சந்தேகப்படுவார்" என்று ஒருத்தி சொன்னால் அதற்கு ரெடிமேட் பதில் கிடையாது. குழந்தை தள்ளிப்போட என்று சொல்லிப் பார்க்கலாம் என்று சிலர் வழி கண்டிருக்கிறார்கள். அதைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தனக்கு நடந்ததைச் சொன்னால்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 18-க்குக் கீழ் சம்மதம் என்பது கிடையாது, குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிவிப்பது உங்கள் கடமை. அதனால் "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேட்காதீர்கள். "சில விஷயத்தை நான் சொல்லியாகணும், அது தெரிஞ்சுக்கிட்டுப் பேசு" என்று முதலில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. முடிவைத் தனியாக எடுக்காமல் குழுவின் மூத்தவரோடு பேசுங்கள், ஆனால் அன்றைக்கே பேசுங்கள்.

போட்டோ எடுக்கலாமா? வந்தவர்கள் பட்டியல் வேண்டும் என்கிறார்களே?

பறை அடிக்கிறவரை, நடிகர்களை எடுங்கள். கூட்டத்தைப் பின்னாலிருந்து எடுங்கள். மறைப்புத் துணிக்குப் பக்கம் கேமரா போகவே கூடாது. நிதி கொடுக்கிறவர்கள் பேர், போன் நம்பர், கையெழுத்தோடு பட்டியல் கேட்பார்கள். எச்ஐவி கூட்டத்தில் போன் நம்பர் எழுதிக் கொடுக்கிறவன் யார் என்று அவர்களே யோசித்தால் புரியும். தலைகளை எண்ணி எழுதுங்கள். அடம்பிடித்தால் நடிகர்களின் கையெழுத்தைக் கொடுங்கள்.

எங்கே போய்ச் சேர்வது?

கல்லூரியில் இருந்தால் எச்ஐவி விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1-க்குக் கோலப் போட்டி வைப்பதோடு சரி, அதை நீங்கள் மாற்றலாம். வெளியில் இருந்தால் மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகையோ நம்பிக்கை மைய ஆலோசகரையோ பாருங்கள். உள்ளூரில் எந்தக் குழு வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். முதல் சில நிகழ்ச்சிகளில் மைக்கைத் தொடாமல் கூட்டத்தின் கடைசி வரிசையில் நில்லுங்கள். முன்வரிசையில் சிரிக்கிறவன் கேள்வி கேட்க மாட்டான். போன் பார்ப்பது போல் ஓரமாக நிற்கிறவன் பக்கம் இருங்கள், ஆனால் அவனிடம் முதலில் நீங்கள் பேச வேண்டாம்.